நான்காம் தள இரும்புக்கதவு முற்றுகைப் படலம்

கொளுத்தும் வெயிலில் சங்கிலி பிடித்து வேலித்தகராறு பல தீர்த்தவரும், ஓரடி மண்ணுக்காக உடன்பிறந்தோர் மண்வெட்டி ஓங்கி நின்ற வயல்நடுவே எல்லைக்கல் ஊன்றி இருவர் வாயையும் அடைத்தவரும், முதுகுவலிக்கென்றே வாங்கிய நாற்காலியில் முதுகு படாமல் முன்சாய்ந்து வீற்றிருப்பவருமான நில அளவையர் பெருமானே, வணக்கம்! உமது வலக்கைச் சுட்டுவிரல் ஓங்குக! அவ்விரல் பதினேழு நாள் ஒரே விசையை அழுத்தித் தேய்ந்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். கேட்பவர்கள் குறுக்கே பேசாதிருப்பார்களாக.

கணினிக்குள்ளே ஒரு பாதாளக் கோட்டை. நடப்பவனின் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே திரையில் தெரியும்: எதிரே கல், இடப்புறம் கல், வலப்புறம் கல், திரும்பினால் வந்த வழிக் கல். ஓர் அழுத்தத்துக்கு ஒரு கட்டம் நகரலாம். வாள்வீரன், வில்லாளி, மந்திரக்காரி, திருடன் என நால்வரை ஒருசேர நடத்திச் சென்று, பொறிகளை விலக்கி, புதிர்களை அவிழ்த்து, தளம் தளமாகக் கீழே இறங்க வேண்டும். வரைபடம் தரப்படாது, ஆடுகிறவரே வரைந்துகொள்ள வேண்டும். வரைய வேண்டும் என்று கேட்டதுமே பெருமான் காதல்வயப்பட்டார். கட்டம் போட்ட தாளும் சீவிய பென்சிலுமாக அமர்ந்தார். சுவரில் ஒரு செங்கல் மட்டும் நூலளவு புடைத்திருக்கக் கண்டு, அதை அழுத்தி, 'டக்' என்ற ஓசையோடு மறைவறை திறந்த அன்று அவர் அடைந்த பேரின்பம், பதவி உயர்வு ஆணை வந்த அன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை.

அத்தகையவரை நான்காம் தளத்து இரும்புக்கதவு தடுத்து நிறுத்தியது. அதைத் திறக்கும் நெம்புகோலைக் காணோம். வடக்கே போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்தார். கிழக்கே போனாலும் அங்கேயே வந்தார். தாளிலோ இரண்டு பாதைகள் ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக் கிடந்தன. பதினோரு முறை மறு அளவீடு செய்தார். பதினோராம் முறை, அலுவலக வழக்கப்படி ஓரத்தில் சிவப்பு மையால் 'கோட்டை தவறு' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தேதியும் போட்டார். கோட்டை திருந்தவில்லை. வில்லாளி கடைசி ரொட்டியையும் தின்று தீர்த்தான்.

இந்த நிலையில்தான் இல்லத்தரசியாரின் அறிவிப்பு சமையலறையிலிருந்து முழங்கியது.

"ஏங்க, நாலு மணிக்கு என் தம்பி வரான். அவன்தானே இந்த விளையாட்டக் குடுத்தான், அவனையே கேட்டுடுங்களேன்!"

மைத்துனன்! 'உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா மாமா' என்று இதைக் கையில் திணித்துப் போனவன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் 'இன்னும் முடிக்கலையா' என்று கேட்டு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறவன். பெருமான் மார்பு விம்ம எழுந்து, திரைநோக்கிச் சூளுரைத்தார்:

"செத்தாலும் கேக்க மாட்டேன்! அவன் செருப்பக் கழட்டுறதுக்குள்ள இந்தக் கதவு தொறந்திருக்கும்!"

மணி மூன்றே முக்கால்.

பன்னிரண்டாம் படையெடுப்பு தொடங்கியது. பெருமான் விசையை ஓங்கி அறைந்த அறையில் மேசை அதிர்ந்தது. அதிரவே, திரையின் மேல்மூலையில் அவர் ஒட்டியிருந்த குறிப்புச்சீட்டு பசை விட்டு உதிர்ந்தது. அதன் பின்னால், ஆட்டக்காரர் பார்ப்பதற்கென்றே, நடப்பவன் முகம் நோக்கும் திசையை முள்ளால் காட்டும் ஒரு திசைகாட்டி இருந்தது. 'வடக்கு எதுவென்று எனக்கே சொல்ல வருகிறாயா' என்று முதல் நாளன்றே அதை மூடியவரும் அவரேதான். இப்போது ஓர் அடி வைத்தார்: முள் வடக்கு. இன்னோர் அடி: முள் கிழக்கு. அவர் திரும்பவில்லை, காலடிக் கல் அவரை ஓசையின்றித் திருப்பியிருந்தது! இருபுறமும் ஒரே மாதிரிச் சுவராதலால் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. பதினேழு நாளும் கோட்டை பொய் சொல்லவில்லை, அவருடைய வடக்குதான் பொய் சொல்லியிருந்தது. வெட்கம் காதுமடல்வரை ஏறியது. ஆயினும் பென்சில் பறந்தது; ஏறிப் படுத்த பாதைகள் எழுந்து தத்தம் இடம் போயின; நடுவே இதுவரை காலடி படாத ஒற்றைப் பாதை தோன்றி, அதன் முடிவில் நெம்புகோல் நின்றது. இழுத்தார். மலை நகர்வது போன்ற உறுமலோடு இரும்புக்கதவு மேலேறியது. பெருமானின் கண்கள் நிறைந்தன.

அழைப்புமணி ஒலித்தது. செருப்பு கழற்றப்படுமுன் வாசலை அடைந்த வீரர், திருத்திய வரைபடத்தை வெற்றிக்கொடிபோல் உயர்த்தினார்.

"மாப்ள, நாலாவது தளத்துக் கதவத் தொறந்துட்டேன்! யாரையும் கேக்கல!"

மைத்துனன் தாளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

"நாலாவதா? எனக்கு ரெண்டாவதுலயே தலை சுத்திடுச்சு மாமா, அன்னிக்கே விட்டுட்டேன். நீங்க முடிச்சா கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னுதான் அப்பப்ப விசாரிச்சேன்."

பெருமான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவனை உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.