ஒரு நிமிஷம், சேவ் பண்ணிக்கிறேன்

உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் நிச்சயம் ஒருவர் இருப்பார். அவருக்குச் 'சேவ் மனிதர்' என்று பெயர் வைப்போம். விண்வெளிக் கதையை வைத்து வரும் கணினி விளையாட்டுகள் இருக்கின்றனவே, நாமே கதாநாயகனாகி, திரையில் வரும் நான்கைந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல, அதற்கேற்றபடி கதை வளைந்து வளைந்து போகுமே, அவற்றில்தான் இவர் குடியிருக்கிறார். பதில் சொல்வதற்கு முன்னால் ஆட்டம் நிற்கும் இடத்தை அப்படியே பதிந்து, சேவ் செய்துகொள்வார். எதிரில் நிற்பவர் லேசாக முகம் சுளித்தால் போதும், பழைய இடத்துக்கே திரும்பிப் போய் வேறு பதில் சொல்வார். அதுவும் எடுபடவில்லையா? மறுபடியும். கடைசியில் எல்லோரும் அவரை மெச்சும்படி ஒரு பதில் அகப்படும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர், துணிச்சலான முடிவு!

நாம் பார்க்கப்போகிறவரை நண்பர்கள் கமாண்டர் என்று கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பார். யாராவது யோசித்தால் அவருக்குப் பொறுக்காது. "சட்டுனு சொல்லுங்க சார், இதுல என்ன யோசனை?"

வீட்டுக்கு வந்தாலோ மூன்று கிரகங்களின் தலையெழுத்து அவர் கையில். கப்பலில் ஒன்பது பேர். நான்கு கை மெக்கானிக்கின் தம்பி எந்த வயதில் தொலைந்தான், நீலத்தோல் டாக்டரம்மாவுக்கு ஏன் மழை பிடிக்காது, எல்லாம் அத்துப்படி. அந்த டாக்டரம்மா ஒருமுறை பேசாமல் இருந்ததற்கு நான்கு நாள் பாடுபட்டுச் சமாதானம் செய்தார். போன மாதம் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பேசவில்லை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்துபோனதே அவருக்குத் தெரியாது.

மனைவி ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அன்று காலை ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டாள்:

"வேற ஊர்ல புது லேப் திறக்கறாங்க, என்னைத் தலைமைக்குக் கூப்பிடறாங்கன்னு மூணு நாளா சொல்லிட்டிருக்கேன். இன்னிக்கு நாலு மணிக்குள்ள பதில் சொல்லணும். போலாமா, வேணாமா?"

திரையில் ஒரு கிரகம் எரிந்துகொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம், சேவ் பண்ணிக்கிறேன்."

"அது எரியட்டும். நான் சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது. ரெண்டுலயும் நல்லது கெட்டது இருக்கு. யோசிச்சு மெசேஜ் போடறேன்."

"நாலு மணி, கமாண்டர் சார். அப்புறம் அந்த இடம் வேற ஆளுக்கு."

மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போகலாம் என்றால் கடை வேலையை விடவேண்டும். வேண்டாம் என்றால் அவள் முகம் வாடும். யார் முகமும் வாடாத மூன்றாவது பதில் ஒன்று எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்பதுதான் சேவ் மனிதரின் மதம். விளையாட்டு என்றால், முன்பே ஆடி முடித்த புண்ணியவான்கள் எது சரியான பதில் என்று இணையத்தில் எழுதி வைத்திருப்பார்கள். இவர் மனைவியைப் பற்றி எந்தப் புண்ணியவானும் எழுதி வைக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கடையிலிருந்து முதல் மெசேஜ் போனது. "போலாம். அந்த வேலைக்கு நீதான் சரியான ஆளு." போனதுமே கடை வேலை ஞாபகத்துக்கு வந்தது. அழித்தார். அழித்துவிட்டால் சொல்லாத மாதிரிதானே? பிறகு, "இப்ப வேணாம்னு தோணுது." அழித்தார். "உன் இஷ்டம்." அழித்தார். பூ படம் போட்டு, "உன் இஷ்டம்." அதையும் அழித்தார். மூன்றரை மணிக்குள் மனைவியின் போனில், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒன்பது கல்லறைகள் வரிசையாக எழும்பின.

நாற்காலியில் இருந்த பெரியவர் பொறுமை இழந்தார். "தம்பி, ரெண்டாவதுதான் தெளிவா இருக்குன்னு எப்பவோ சொல்லிட்டேனே!"

"அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க சார்" என்றார் கமாண்டர்.

சரியாக நான்கு மணிக்கு அவளிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: "சொல்லிட்டேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது.

"வரேன்னு சொல்லிட்டேன். நாளன்னிக்கே சேரணும்."

"நான்தான் எதுவுமே சொல்லலையே!"

"சொன்னியே, பதினோரு மணிக்கு. நீ அழிக்கறதுக்குள்ள படிச்சிட்டேன். மத்த எட்டும் எனக்குத் தேவைப்படல."

கமாண்டர் கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப, அதுதான் சரியான பதிலா?"

"யாருக்குத் தெரியும்? போய்ப் பாத்தாதான் தெரியும். கூட வரியா, இல்லையா? அதை வாயால சொல்லு."

அவர் கை தானாகப் போனைத் தேடிச் சட்டைப்பைக்குள் போனது. உள்ளறையில் காலையில் விட்ட இடத்திலேயே அந்தக் கிரகம் பொறுமையாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டியில் அவருடைய துணிகளுக்காகப் பாதி இடம் விட்டிருந்தாள். போனைத் தேடும் கையைப் பார்த்தாள். பிறகு ஒரு தடித்த போர்வையை எடுத்து அந்தப் பாதியில் திணித்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

சிரிக்கிறீர்களா? இதைப் படிக்கும்போதே தெரிந்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். 'உன்னைப் பத்திதான் எழுதியிருக்காங்க' என்று அவருக்கு அனுப்பியும் இருப்பீர்கள். ஐயோ, கோபித்துக்கொள்வாரோ என்று இப்போது உங்கள் கட்டைவிரல் அதை அழிக்கப் போகிறது, இல்லையா?

அழியுங்கள். அவர் படித்துவிட்டார்.