எங்கள் ஊரின் மொத்தக் குற்றவாளி

ஒரு ஊரில் நடந்த குற்றம் அத்தனையையும் ஒரே ஆள் செய்தார் என்றால் நம்புவீர்களா? எங்கள் ஊரில் அப்படித்தான். குடித்துவிட்டுக் கலாட்டா, மூணு சீட்டு, விளக்கில்லாத சைக்கிள், சைக்கிளில் டபுள்ஸ், நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தது, கண்ட சுவரோரமெல்லாம் ஒதுங்கியது, எல்லாம் அவர் கைவரிசை. எல்லாவற்றுக்கும் கோர்ட்டில் நின்று "ஆமாங்கய்யா, நான்தாங்கய்யா" என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இதில் சின்னச் சங்கடம் ஒன்று உண்டு. அவர் குடிக்க மாட்டார். சீட்டுக்கட்டில் ராஜா எது, ராணி எது என்று தெரியாது. சைக்கிள் ஓட்டவே வராது.

அவர் பெயர் பெட்டிகேஸ். அம்மா அப்பா வைத்த பெயர் வேறாக இருக்கும். எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

எழுபதுகளில் மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு கடலோர ஊரில் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அன்றைய போலீஸ்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், எனக்கு எதற்கு வம்பு? ஆபீஸுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கே ஏட்டையா தும்மினால் இங்கே நான் நூறு வயசு என்பேன்.

அந்த ஸ்டேஷனுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஊரில் குற்றமே நடக்காது. மீன்பாடு உள்ள நாளில் எல்லாரும் கடலில் இருப்பார்கள், இல்லாத நாளில் வலையைப் பழுது பார்ப்பார்கள். ஆனால் மாசக் கடைசியில் மேலிடத்துக்குக் கணக்கு போக வேண்டும். கேஸே இல்லை என்றால், "தூங்குறீங்களாய்யா?" என்று வசவு வரும். பெரிய கேஸ் இருந்தால், "என்னய்யா கிழிக்கிறீங்க?" என்று வசவு வரும். ஆக, பெரிய குற்றம் நடக்கவும் கூடாது, சின்னக் குற்றம் நிற்கவும் கூடாது. அபராதம் கட்டிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும் அந்தச் சின்ன வகைக்குத்தான் பெட்டி கேஸ் என்று பெயர். மாசக் கடைசியில் ஏட்டையா குற்றவாளி தேடி அலைவார். அப்படி அலைந்தவருக்குக் கிடைத்த புதையல்தான் நம் ஆள்.

ஸ்டேஷனுக்குத் தண்ணீர் எடுத்து வருவது, டீ வாங்கி வருவது, வாசலில் செடி வளர்ப்பது, இவைதான் அவருடைய வேலை. உப்புக்காற்றில் ஒன்றும் முளைக்காது என்று ஊரே சொன்ன அந்த மணலில் கத்தரியும் வெண்டையும் காய்த்தன, ரோஜா பூத்தது. செடிக்கு ஊற்றி முடித்ததும் ஜன்னலோரம் நின்று, "ஏட்டையா, மாசம் முடியுது. இந்தத் தபா நான் இன்னா தப்பு பண்ணிகீறேன்?" என்று கேட்பார்.

அதிலும் மனுஷருக்கு ஒரு நறுவிசு உண்டு. "போன மாசம் குடிச்சேன், அதுக்கு முந்தின மாசமும் குடிச்சேன். ஜட்ஜய்யா இன்னா நெனப்பாரு? இந்த மாசம் சைக்கிள் குடுங்க" என்பார். திருட்டும் பொம்பளை கேஸும் மட்டும் வேண்டவே வேண்டாம். "ஒரு தபா ஒத்துக்கினா அப்பறம் எவன் வூட்லயாவது தண்ணி குடிக்க வுடுவானா?" என்று கறாராகச் சொல்லிவிடுவார்.

ஒரு மாசம் ஏட்டையா அவசரத்தில் ஒரே சாயங்காலத்துக்கு இரண்டு கேஸ் எழுதிவிட்டார். மாமல்லபுரத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா, புதுப்பட்டினத்தில் மூணு சீட்டு. பெட்டிகேஸுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏட்டையா, ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நான் எப்பிடி?"

"அங்க குடிச்சிட்டு இங்க வந்து ஆடினேன்னு சொல்லு."

"அவ்ளோ தொலைவு எதுல வந்தேன்?"

"சைக்கிள்ல வந்தேன்னு சொல்லு."

"லைட்டு இருந்திச்சா?"

ஏட்டையா மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு மூன்றாவது கேஸையும் எழுதினார்.

வீட்டில் அவருக்கு இந்த மரியாதை எல்லாம் கிடையாது. அவர் சம்சாரம் மீன் கூடையோடு ஸ்டேஷன் வாசலுக்கே வந்து, "வூட்ல ஒரு எலிய அடிக்கத் துப்பில்ல, கோர்ட்டுல இவரு ரவுடியாம்! அந்த ரவுடிய ஒரு நாளைக்கி வூட்டுக்கு அனுப்பு ஏட்டையா, கூரை ஒழுவுது, மேல ஏறி ஓலை மாத்தட்டும்" என்று சத்தம் போடுவாள். ரவுடி ரோஜாச் செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு நாள் நானே கேட்டேன். "ஏம்ப்பா, செய்யாத குத்தத்த எல்லாம் ஒத்துக்கிறியே, உனக்கு ரோஷமே கிடையாதா?"

"இன்னா சார் ரோஷம்? நான் போவலன்னா ஏட்டையா கடக்கரைக்குப் போயி எவனையாச்சும் இஸ்துகினு வருவாரு. அன்னிக்கி அவன் கட்டுமரம் கடலுக்குப் போவாது. அவன் வூட்ல அடுப்பு எரியாது. எனக்கு இன்னா, அபராதம் ஏட்டையா கட்டிடுவாரு, செடிக்கு ஊத்திட்டு வேன்ல ஏற வேண்டியதுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவுமில்லாம செங்கல்பட்டு கோர்ட்டாண்ட ஓட்டல்ல ஒரு வத்தக்கொழம்பு ஊத்துறாம் பாரு சார்!" என்றார். எனக்கு அன்று அவர் மேல் வந்த பிரியம் இன்றுவரை போகவில்லை.

இப்படிச் சுகமாக ஓடிக்கொண்டிருந்த ஊருக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். இளவயசு, மடிப்புக் கலையாத சட்டை, புள்ளிவிவரப் பைத்தியம். வந்த கையோடு பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரு வரைபடத்தை மாட்டினார். அதில் ஒரு சிவப்புக் கோடு மலையேறுவதுபோல் ஏறியிருந்தது.

"இந்தக் கடற்கரையிலேயே மோசமான ஊர் இதுதான். வருஷா வருஷம் குற்றம் ஏறிக்கொண்டே போகிறது. யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள்!" என்று முழங்கினார்.

ஊர் ஆடிப்போய்விட்டது. கதவே இல்லாத வீட்டுக்காரர்கள்கூடப் பூட்டு வாங்கினார்கள். கோவளத்தில் பெண் எடுக்கப் போனவர்களை, "உங்க ஊர்ல ரவுடிங்க ஜாஸ்தியாமே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பஞ்சாயத்து, தெருவிளக்கு கேட்டுத் தீர்மானம் போட்டது. மறுநாள் காலை பெட்டிகேஸ் முகம் வெளுத்துப்போய் ஸ்டேஷன் ஜன்னலில் நின்றார்.

"ஏட்டையா, யாரு இந்தக் கயிதைங்க? நம்ம ஊர்ல இவ்ளோ அக்குரமம் பண்ணிகினு கீறானுங்க, ஒர்த்தனையாச்சும் புடிச்சீங்களா? என் பொஞ்சாதி கூடைய எடுத்துகினு தனியா போறா. எனக்கு பேஜாரா கீது."

"போய் டீ வாங்கிட்டு வாய்யா" என்றார் ஏட்டையா. சுவருக்கு இந்தப் பக்கம் நான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

சிரிப்பு நிற்கிற காலமும் வந்தது. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் தோட்டங்களைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் அந்த வழியாக ஜீப்பில் போனபோது மணலில் பூத்த ரோஜாவைப் பார்த்து இறங்கிவிட்டார். யார் வளர்த்தது என்று விசாரித்து, பெட்டிகேஸைக் கூப்பிட்டு, தோட்டக்கார வேலை தருகிறேன் என்றார். நிரந்தர வேலை. குடியிருக்க ஒழுகாத வீடு. நடத்தையில் களங்கம் இல்லை என்று போலீஸ் எழுதித் தந்தால் போதும். அவ்வளவுதான்!

அவர் சம்சாரம் அன்று ஸ்டேஷனுக்கு வந்து சத்தம் போடவில்லை. ஏட்டையாவைக் கையெடுத்துக் கும்பிட்டு, "எப்பிடியாச்சும் எழுதிக் குடுத்துடு சாமி, இந்த மழைக்காவது நனையாம படுக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விசாரணைத் தாள் நேராக இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனது. அவர் பழைய கேஸ்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் குரல் உயர்ந்தது சுவர் வழியாகக் கேட்டது. "ஏட்டு! குடி இவன், சூதாட்டம் இவன், சைக்கிள் எல்லாம் இவன்! ஊரையே ஒரு ஆள் ஆட்டிப் படைத்திருக்கிறான்! நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ, ஆயுதம் வைத்திருப்பான், ஜாக்கிரதை!"

"சார்," என்றார் ஏட்டையா ஈனக்குரலில், "உங்களுக்கு இப்ப டீ கொணாந்து வெச்சிட்டுப் போனானே, அவன்தான் சார்."

இன்ஸ்பெக்டர் டீயைத் தள்ளி வைத்துவிட்டார். "இவ்வளவு தைரியமா? போலீஸ் ஸ்டேஷனிலேயே வேஷம் போடுகிறானா?" என்றவர், வாடிக்கைக் குற்றவாளி, இனி ஒழுங்காக இருப்பதாக ஜாமீன் எழுதித் தர உத்தரவிட வேண்டும் என்று அவர் மேல் நன்னடத்தை கேஸ் போட்டு, செங்கல்பட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த ஏற்பாடு செய்துவிட்டார். அந்த உத்தரவு விழுந்தால் கல்பாக்கம் வேலையைத் தலைமுழுக வேண்டியதுதான். உண்மையைச் சொல்லக்கூடியவர் ஏட்டையா ஒருவர். சொன்னால் பொய்க் கேஸ் எழுதியதற்கு அவர் பென்ஷன் போய்விடும், ரிட்டயர் ஆகச் சில மாசமே பாக்கி. மனுஷர் சோறு இறங்காமல் அலைந்தார்.

நான் அக்கம்பக்கத்துச் சாட்சியாகப் போனேன். திருக்கழுக்குன்றம் வழியாக வேன் போனபோது வழியெல்லாம் ஏட்டையாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தவர் பெட்டிகேஸ்தான். "நீங்க ஏன் பயப்படுறீங்க? வழக்கம்போல நான் ஒத்துக்கிறேன், முடிஞ்சி போச்சி!"

அடப்பாவி மனுஷா, இந்தத் தடவை ஒத்துக்கொண்டால் வேலை போய்விடுமே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "தெரியும் சார்" என்றார்.

மாஜிஸ்திரேட் புதியவர். தலை நரைத்த, நிதானமான ஆள். தாள்களைப் பார்த்தார், கூண்டில் நின்ற ஒல்லி உருவத்தைப் பார்த்தார்.

"இதெல்லாம் நீ செய்ததா?"

"ஆமாங்கய்யா, நான்தாங்கய்யா."

"இத்தனை சைக்கிள் கேஸா? நல்லா ஓட்டுவியோ?"

"சூப்பரா ஓட்டுவேங்கய்யா."

மாஜிஸ்திரேட்டுக்கு என்ன தோன்றியதோ, எழுந்துவிட்டார். "வெளியே ஒரு சைக்கிள் நிற்கிறது பார். ஓட்டிக் காட்டு."

கோர்ட்டே புளியமரத்தடிக்கு வந்துவிட்டது. வக்கீல்கள், கட்சிக்காரர்கள், வேர்க்கடலை விற்கிறவர் வரை சுற்றி நின்றார்கள். பெட்டிகேஸ் சைக்கிளுக்கு ஒரு கும்பிடு போட்டார். சங்கிலிப் பக்கமாகப் போய்க் காலைத் தூக்கினார். வேட்டி மாட்டியது, சைக்கிளும் அவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். எழுந்தார். இந்தத் தடவை மறுபக்கமாக ஏறி, மறுபக்கமாகவே விழுந்தார். சிரிப்பு அலைமோதியது. முழங்கையில் ரத்தம். ஏட்டையாவை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி ஏறி, நாலு அடி போய் நேராக வக்கீல் ஒருவர் மேல் மோதினார்.

"என்னப்பா இது?" என்றார் மாஜிஸ்திரேட்.

பெட்டிகேஸ் மண்ணைத் தட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, மிகுந்த மரியாதையோடு சொன்னார். "இதுல லைட்டு கீதுங்கய்யா, அதான் வரல. லைட்டு இல்லாததுதான் நமக்குப் பழக்கம்."

மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். சிரிக்காதது இரண்டு பேர். ஒருவர் இன்ஸ்பெக்டர். இன்னொருவர் ஏட்டையா. பெட்டிகேஸ் நாலாவது முறையாகச் சைக்கிளை நிமிர்த்தியபோது ஏட்டையா போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். "போதும்யா, வுடு" என்றார். பிறகு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, "ஐயா, இந்த ஆளுக்குச் சைக்கிள் ஓட்ட வராது. குடிக்கவும் வராது. எதுவுமே வராது. எல்லாம் நான் எழுதினதுங்கய்யா" என்றார்.

"சும்மா சொல்றாருங்கய்யா! எல்லாம் நான்தான்!" என்று பெட்டிகேஸ் கத்தினார். ஏட்டையா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது, அதில் என்ன வெட்கம்?

மாஜிஸ்திரேட் கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டு இன்ஸ்பெக்டரைத் தனியே கூப்பிட்டார். உள்ளே என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே வந்த இன்ஸ்பெக்டர், நடத்தையில் களங்கம் இல்லை என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். விஷயம் மேலிடத்துக்குப் போகாததால் ஏட்டையாவுக்குப் பென்ஷன் பிழைத்தது. மிச்ச மாசங்களை மட்டும் வேறு ஊரில் கழிக்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அந்தச் சிவப்புக் கோடு தடாலென்று கீழே விழுந்தது. குற்றத்தை அடியோடு ஒழித்தவர் என்று இன்ஸ்பெக்டருக்குப் பாராட்டு கிடைத்தது.

பெட்டிகேஸ் முதல் நாள் வேலைக்குக் கிளம்பிய காலையில் ஏட்டையா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் வந்து நின்றது, வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை அதில்தான் போய்வர வேண்டும். பெட்டிகேஸ் புதுக் காக்கிச் சட்டையோடு, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு, எல்லாரும் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றார். "ஏறுய்யா, உன் பஸ்ஸுதான்!" என்று ஏட்டையா அதட்டினார். ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் சம்சாரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிற்று. ஒரு தப்பும் செய்யாத மனுஷர் ஒருவர் அதில் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அப்படி இன்னொருவரை நான் பார்த்ததில்லை.