மச்சான் அனுப்பிய மக்காச்சோள மூட்டை

கம்பைநல்லூர்,
04.02.2025

மாரண்டஹள்ளியில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் நஞ்சப்பன் அவர்களுக்கு, கம்பைநல்லூர் கிருஷ்ணப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை செல்லம்மாளும் நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அவளுக்கு முழங்கால் வலிதான் கட்டுக்குள் இல்லை. அங்கே உங்கள் நலமும், அக்காவின் நலமும், பேத்தி பிரியதர்ஷினியின் படிப்பும், இந்த வருடத் தக்காளியின் போக்கும் அறிய ஆவல்.

கையில் செல்போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். எனக்கு இடது காது மந்தம். ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவேன். நான் ‘ஹலோ மச்சான்’ என்றால், உங்கள் குரல் உங்கள் தங்கைக்கு மட்டுமல்ல, பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்கும். இதுவோ அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய செய்தி. ஆகவே இதை எழுதி, நாளை உங்கள் ஊருக்குத் திரும்பும் சாக்குக்குள் முறுக்கு டின்னுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். அடியில் வைத்தால் அவள் கண்ணில் படாது.

போன புதன்கிழமை காலை உங்கள் ஊர்க் காய்கறி டெம்போ எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்த அருள்குமார் ஒரு சாக்கு மூட்டையை இறக்கி, “மாமா குடுக்கச் சொன்னாருங்க சார், அவரு காட்டுல வெளைஞ்ச மக்காச்சோளமுங்க” என்றார். யாருக்குக் கொடுக்கச் சொன்னார் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். “தங்கச்சிக்குன்னு சொல்ல வந்தாருங்க. அப்புறம் தொண்டையச் செருமிக்கிட்டு, சார் வூட்ல போட்டுட்டு வந்துடுன்னுட்டாருங்க. வர்ற புதன்கெழம இந்தப் பக்கம் வர்றப்ப சாக்க எடுத்துக்கறேன்.” அந்தச் செருமல் எனக்கு விளங்கியது, மச்சான். ‘மூன்று வருடமாக என் தங்கை என்னிடம் பேசவில்லை, நானும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சோளத்தை அனுப்புகிறேன்’ என்றுதானே அதற்குப் பொருள்?

உங்கள் தங்கை வெளியே வந்தாள். “யாரு அனுப்புனது?” என்றாள். மாரண்டஹள்ளியிலிருந்து என்றேன். “மாரண்டஹள்ளியில எனக்கு யாரு இருக்கறாங்க?” என்றாள். ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு கதிரை எடுத்துத் தோலை உரித்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, “மணி நல்லாத்தான் புடிச்சிருக்குது” என்று சொல்லிவிட்டு, சொன்னதே தப்பு என்பது போலக் கீழே போட்டாள். இந்தச் சாக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாமா என்று வேண்டுமென்றே கேட்டேன். அவள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த வீட்டு சுகுணா குழம்பு கொடுத்த கிண்ணம்கூட இரண்டு வெங்காயத்தோடுதான் திரும்பிப் போகும். “வந்த சாக்க வெறுமனே அனுப்பறது நம்ம வூட்ல கெடையாது. அதுல ஏதாவது பண்ணி நீங்களே அனுப்புங்க. நான் தொட மாட்டேன்” என்று சொல்லி, சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மொச்சை உரிக்க உட்கார்ந்துவிட்டாள். ஆக, என் அறுபத்தேழாவது வயதில் எனக்கு ஒரு வாரத் தவணையில் ஒரு தேர்வு வைக்கப்பட்டது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஆறு கதிரைக் குக்கரில் போட்டு, உப்புப் போட்டு வேக வைத்தேன். ஐந்து விசில் வந்தது, கதிர் கல்லாக இருந்தது. இன்னும் ஐந்து விசில். அப்போதும் கல். பதினாலாவது விசிலில் சுகுணா மதிற்சுவருக்கு மேலே தலையை நீட்டி, “என்னாங்க சார், குக்கரு கெட்டுப் போச்சுங்களா, நிக்கவே மாட்டேங்குது?” என்று கேட்டாள். ஒரு கதிரைக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “சார், இது கோழித்தீவனத்துக்குப் போற சோளம் சார். முத்திக் காஞ்சது. வேக வச்சுத் திங்கறதுன்னா பால் புடிக்கறப்பவே ஒடிச்சிடணும்.” முதிர்ந்த விதைக்கும் இளம் விதைக்கும் உள்ள வேறுபாட்டை முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். கரும்பலகையைக் கடித்துப் பார்த்ததில்லை, அதுதான் குறை.

காய்ந்த மணி என்றால் பொரியுமே என்று அடுத்து நினைத்தேன். மணிக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் பொரி. இதையும் பாடமாக நடத்தியிருக்கிறேன். வாணலியில் எண்ணெய் விட்டு, இரண்டு கைப்பிடி மணியைப் போட்டு மூடி, நல்ல காதை மூடிக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தேன். ஒரே ஒரு மணி மட்டும் ‘டப்’ என்றது. மற்றவை எல்லாம் அமைதியாகக் கறுத்தன. பொரிவதற்கென்றே தனி ரகம் உண்டு என்பதை சுகுணாவின் செல்போன் பிறகு சொன்னது. உங்கள் தங்கை எழுந்து போய் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

சரி, மாவாக்கிவிடலாம் என்று கதிர்களை முற்றத்தில் போட்டு மணி உதிர்க்கத் தொடங்கினேன். நான்கு கதிருக்குள் கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. அப்படியே வெயிலில் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போய்ச் செய்தித்தாள் படித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால், மச்சான், மணியெல்லாம் தாமாகவே உதிர்ந்து முறத்தில் கிடக்கின்றன, சக்கைகள் ஒரு மூலையில் கிடக்கின்றன. நல்ல வெயிலில் கதிரின் பிடிப்புத் தளர்ந்து மணி விட்டுவிடும் போலிருக்கிறது. நம் ஊர் வெயிலை நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று தோன்றுகிறது.

மணியை எடுத்துக்கொண்டு மாதுவின் மாவு மில்லுக்குப் போனேன். மாது என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். அங்கே இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் ஏழெட்டுப் பேர் வரிசை, இன்னொன்றில் யாருமே இல்லை. நான் யாரும் இல்லாததன் முன்னால் போய் நின்றேன். மாது ஒரு முறை என்னைப் பார்த்தான், இயந்திரத்தைப் பார்த்தான், பேசாமல் அரைத்துக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து மாவைச் சலித்தேன். ஏழு தும்மல். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், “அது மொளகா அரைக்கற மிசினுங்க சார். காலையில ஒரு கல்யாண வூட்டுக்கு இருவது கிலோ ஓட்டுனேன்” என்கிறான். ஏனப்பா என்னிடம் சொல்லவில்லை என்றேன். “சார் வந்து நின்னா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேனுங்க” என்றான். எட்டாம் வகுப்பில் அவன் குறுக்கே ஒரு கேள்வி கேட்டபோது, உட்காரடா, எல்லாம் காரணத்தோடுதான் சொல்கிறேன் என்று அடக்கியவன் நான்தான். அவனைச் சொல்லி என்ன பயன்?

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த மாவில் களி கிண்டலாம் என்று நினைத்தேன். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் களி கிடையாது, மச்சான். உங்கள் பேத்திக்கு முனியப்பன் கோயிலில் கிடா வெட்டிக் காது குத்திய நாளோடு நின்றுபோனது. அன்றைக்குக் கறிக்குழம்புக்குக் களி கிண்டும் வேலையை இவள்தான் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நீங்கள் பந்தியில் உட்கார்ந்து, களியைப் பிட்டு, அதிலிருந்த ஒரு கட்டியை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, “என் தங்கச்சி களிக்குள்ள கோலிக்குண்டு வச்சிருக்கறா பாருங்க” என்றீர்கள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். உங்களிடம் பேச்சு நின்றது. எனக்குக் களி நின்றது.

ஆகவே பரணிலிருந்து களிச்சட்டியை நானே இறக்கினேன். தண்ணீரைக் கொதிக்க விட்டு, மாவை ஒரே வீச்சில் கொட்டி, துடுப்பைப் போட்டுக் கிண்டினேன். கை வலித்ததே தவிரக் களி சேரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவள் இரண்டு தரம் எழுந்து இரண்டு தரமும் உட்கார்ந்தாள். கடைசியில் என்னிடம் சொல்லாமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, “கொதிக்கற தண்ணியில மாவ அப்படியே கொட்டுனா கட்டி வுழாம பூவா வுழும்?” என்றாள். இறக்கி எண்ணினேன். எண்ணும்படியாக இருந்தவை மட்டும் இருபத்துமூன்று. ஒன்றை உடைத்துப் பார்த்தேன், உள்ளே மாவு நனையாமல் அப்படியே இருந்தது. வாயில் வைத்தேன், காரம் காதில் அடித்தது. ஆனால் எனக்கு மனத்தில் பட்டது வேறு. இரண்டு பேருக்குக் கிண்டிய என் களியில் இருபத்துமூன்று கட்டி. அன்றைக்கு எண்பது பேருக்கு, காற்றில் அணைந்து அணைந்து எரிந்த விறகடுப்பில், வலிக்கும் முழங்காலை வைத்துக்கொண்டு அவள் கிண்டினாள். ஒரே ஒரு கட்டி. அது உங்கள் இலையில் விழுந்தது.

மச்சான், வாத்தியார் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வகுப்பில் ஒரு பிள்ளை எண்பது கணக்குப் போடுகிறது, எழுபத்தொன்பது சரி, ஒன்று தப்பு. அந்தத் தப்பை மட்டும் எடுத்துப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அடுத்த நாளிலிருந்து கணக்கே போடாது. நீங்கள் விளையாட்டுக்குச் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அண்ணன் வாயிலிருந்து, ‘அன்னிக்குக் களி நல்லாத்தான் இருந்துச்சும்மா’ என்று ஒரு சொல் வந்தால் போதும். சோளம் எவ்வளவு நல்லதானாலும் அந்தச் சொல்லை அது சொல்லாது.

மீதி மாவில் முறுக்குச் சுட முனைந்தேன். காரம் ஏற்கெனவே இருக்கிறது, உப்பு மட்டும் போட்டால் போதும் என்று கணக்கு. தண்ணீர் விட்டுப் பிசைந்து அச்சில் போட்டுப் பிழிந்தால், இழை ஒரு விரல் நீளம் வந்து அறுந்து, எண்ணெயில் மணலாகக் கரைந்தது. நான்கு ஈடும் அப்படியே. சோர்ந்து உட்கார்ந்தேன். அப்போது உங்கள் தங்கையே, “என்னாங்க, இன்னைக்குப் பேப்பர் படிக்கப் போகலையா? போயிட்டு மெதுவா வாங்க, அவசரமில்ல” என்று நினைவுபடுத்தினாள். போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மாவு வெண்ணெய் போல இருக்கிறது! பிழிந்தால் இழை அறுபடவே இல்லை. மக்காச்சோள மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று இதிலிருந்து கற்றுக்கொண்டேன். ஒரு கணக்கு வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு விளையாடப் போய் வந்தால் வந்துவிடும் இல்லையா, அதைப் போலத்தான். மாவில் அங்கங்கே எள் தென்பட்டது. மில்லில் யாரோ அரைத்ததில் தப்பிப் பிழைத்தவையாக இருக்க வேண்டும். அதுவும் நல்லதாகப் போயிற்று.

டின் நிறைய முறுக்கு இத்துடன் வருகிறது. முழுக்க முழுக்க என் கைவேலை. உங்கள் தங்கை சொன்னபடியே ஒரு விரல் வைக்கவில்லை. உங்கள் பெயரையும் எடுக்கவில்லை. மனம் இன்னும் இளகவில்லை என்றே எனக்குப் படுகிறது. அவசரப்பட்டு நீங்கள் புறப்பட்டு வந்துவிட வேண்டாம். இன்னும் ஓர் ஆறு மாதமாவது போகட்டும். நான் பொறுமையாகப் பேசிப் பார்க்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிரியதர்ஷினி நன்றாகப் படித்து, பெரியவர்கள் பேச்சையும் குறுக்கே கேள்வி கேட்டே கேட்கும் பிள்ளையாக வளர என் ஆசி. உங்கள் காட்டில் மழை உரிய நேரத்தில் பெய்யட்டும்.

இப்படிக்கு,
என்றும் அன்புள்ள
ப. கிருஷ்ணப்பன்,
ஆசிரியர் (ஓய்வு)

பின்குறிப்பு: அண்ணா, இது செல்லம்மா எழுதறேன். லெட்டர டின்னுக்கு அடியில வச்சிருக்காரு. டின்னத் தூக்கி நெரப்பறது நான்தான்னு மறந்துட்டாரு. அவரு எழுதுனத நம்பிட்டு வெயில்ல சோளத்தப் போட்டுட்டு உக்காந்துடாதீங்க, மணி தானா உதுராது. அவரு நூலகத்துக்குப் போனதும் நானும் சுகுணாவும்தான் உதுத்தோம். முறுக்கு மாவும் நாந்தான் மாத்திப் பெசஞ்சு வச்சேன். அவரு பெசஞ்ச மாவ சுகுணா வூட்டு ஆட்டுக்கு வச்சோம், அது மோந்து பாத்துட்டுத் தும்மிட்டுப் போயிடுச்சு. மீதி இருந்த காரமாவுல ஒரு கைப்புடிதான் போட்டேன். மத்ததெல்லாம் அரிசி மாவு, பொட்டுக்கடல மாவு. எள்ளு நான் போட்டது. இந்தாளு முப்பத்தொரு வருசம் அறிவியல் நடத்துனாரு.

அவரு ஆறு மாசம் போகட்டும்னு எழுதியிருக்காரு. ஆறு மாசமெல்லாம் ஆவாது. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், செருமவும் வேணாம். அவரு இத எழுதி முடிச்சப்புறம் நேத்து ராத்திரி ராகிக் களி கிண்டுனேன், ரெண்டு உருண்ட தின்னுட்டு அவரு இன்னும் காரணம் யோசிச்சிட்டு இருக்காரு. எனக்கு மூணு வருசமா உங்களத் திட்டறதுக்குச் சேத்து வச்சது இந்தத் தாள்ல அடங்காது. ஞாயித்துக்கெழம மொத பஸ்சுக்குக் கெளம்பி, தருமபுரியில மாறி வர்றேன். எங்கியும் போயிடாம வூட்லயே இருங்க.