வேலப்ப சாமியின் ஆவிக் கோர்ட்டு

பண்ணைக்காட்டில் ஒரு கோர்ட்டு இரண்டு வருஷமாக நடந்தது. வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது, அப்பீல் அறவே கிடையாது. ஜட்ஜ், வேலப்ப சாமி. செத்துப்போன அப்பன் அவர் வாயால் பேசி, சொத்து யாருக்கென்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். 1958இல் அதன் புகழ் கொடைக்கானல் வரை ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டும் ஜனம் வந்தது. கையில் காணிக்கைச் சேவல், மடியில் பத்திரம். புத்தியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள், பஸ்ஸில் இடம் போதாதாம்.

அன்றைய வழக்கு சோலையம்மாளுடையது. புருஷன் கைவிட, இரண்டு பெண் குழந்தைகளோடு நிற்பவள். தாய் முன்பே போய்விட்டாள். அப்பா சுப்புராஜ், தாமே பாடுபட்டு வாங்கிய காப்பித் தோட்டத்துக்கு உயில் எழுதாமல் போன தையில் கண்ணை மூடினார். அண்ணன் சேனாதிபதிக்குத் தோட்டம் முழுசும் வேண்டும். 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்ற விடுதலைப் பத்திரத்தில் தங்கை ரேகை வைத்தால் போதும். அவள் வைக்கவில்லை. மிளகு வாங்க வரும் இப்ராம்சா ராவுத்தர் விஷயத்தை அவள் காதில் போட்டிருந்தார்.

"எங்க மார்க்கத்துல மகளுக்கும் பங்கு உண்டும்மா. உங்களுக்கும் சட்டம் வந்து ரெண்டு வருசமாச்சு. அப்பன் சம்பாத்தியத்துல அண்ணனுக்கு எவ்வளவோ, உனக்கும் அவ்வளவு. எதுலயும் ரேகை வச்சிராத."

சட்டம் ஒத்துவராததால் அண்ணன் ஆவியைப் பிடித்தான்.

சாமி கண்ணை மூடி உடம்பை முறுக்கினார். "ஏலே சேனாதிபதி! அப்பன் வந்திருக்கேன்டா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தோட்டம் பூராவும் ஒனக்குத்தாண்டா! தங்கச்சி ரேகை வைக்கலேன்னா அவ பிள்ளைக வெளங்காது!"

பேத்திகளுக்குச் சாபம் விடுவதற்கென்றே மேலோகத்திலிருந்து இறங்கிவந்த தாத்தா! என்ன பாசம், என்ன பாசம்!

"வச்சிரு தாயி, பிள்ளைகள நெனச்சுப் பாரு" என்றது கூட்டம். மைப்பெட்டி அவள் முன்னால் வந்தது. அவள் அதைத் தொடவில்லை. நிமிர்ந்தாள்.

"சாமி, எங்கப்பாவும் அழகுமலைச் சித்தப்பாவும் ஒண்ணா வளந்தவுக. சித்தப்பாவையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. எனக்கு மனசு ஆறும்."

சேனாதிபதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருமினான், செருமினான், கையை ஆட்டினான். ஆட்டி என்ன செய்ய? சாமிதான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரே! ஞானக்கண்ணுக்கு மேலோகம் தெரியும். எதிரே கை ஆட்டுகிறவன் தெரியமாட்டான். இருமலை அவசரப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு சாமி குரலை மாற்றினார்.

"சோலையம்மா... சித்தப்பன் அழகுமலை வந்திருக்கேன். அண்ணன் பக்கத்துலதான் இருக்கேன். அவர் சொல்றதுதான் ஞாயம் தாயி."

"நீங்க எப்பச் செத்தீங்க சித்தப்பா?"

"போன ஐப்பசி மழையில... குளிர் காச்சல்ல..."

பின்வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். சோலையம்மாள் சொல்லியனுப்பி, வடகவுஞ்சியிலிருந்து வந்தவர்.

"அடப்பாவி! நாந்தான்டா அழகுமலை! வெள்ளனே ரெண்டு சட்டி கஞ்சியக் குடிச்சிட்டு பஸ் ஏறுனவன்டா! என்கிட்ட இருக்கிற ஆவி எப்படிடா ஒன் வாய்க்குள்ள வந்துச்சு?"

சாமி கண்ணைத் திறந்தார். கம்பளிக்காரரைப் பார்த்தார், சேனாதிபதியைப் பார்த்தார். அடுத்த நொடி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டார். காணிக்கைச் சேவல்கள் கட்டுத்தறியிலேயே கிடந்தன.

"அதே பேருல வேற ஆவி வந்திருக்குமோ?" என்று ஒரு பக்திமான் அப்போதும் சந்தேகப்பட்டார்.

சோலையம்மாள் பத்திரத்தை நாலாகக் கிழித்தாள்.

"அண்ணே, பாதித் தோட்டத்த அளந்து விட்டுரு. இல்லேன்னா நெசக் கோர்ட்டுக்கு வா. அங்க உசுரோட இருக்கிறவுகதான் சாட்சி சொல்ல முடியும்."

மகளுக்குப் பங்கு என்று சட்டம் வந்த வருஷம்தான் வேலப்ப சாமிக்கும் அருள் வந்தது. இரண்டு வருஷமாக இறங்கிய ஆவிகளில் ஒன்றுகூட 'மகளுக்குக் கொடு' என்று வாய் திறக்கவில்லை. கூடியிருந்த மகா ஜனங்களே, அதை உங்களில் ஒருவராவது கவனித்தீர்களா? கொண்டுபோன சேவலைக் கவனித்த அளவுக்காவது?