சமையலுக்கு வருகிற அம்மாள்

அறுபது நிறைந்த ஆண்டிலே அடியேன் ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். கடல் கடந்து செல்வது. செவியுள்ள மனிதர் நடுவே நின்று பதிகம் பாடுவது. திரும்பி வருவதைப் பற்றி ஈராண்டு கழித்து யோசிப்பது.

சிதம்பரத்தில் பதிகம் பாடுவது நெல்லிக்குப்பத்தில் கரும்பு விற்பதற்கு ஒப்பாகும். எல்லாரும் பாடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை. வீட்டின் நிலையோ அதனினும் பரிதாபம். நான் வாயைத் திறக்கும் அதே கணத்தில் என் மனைவி ராணியம்மாள் மிக்சியின் வாயைத் திறப்பாள். நான் சுருதியைக் கூட்டினால் அவள் வேகத்தைக் கூட்டுவாள். முப்பதாண்டு இல்லறத்தில் ஒரு பதிகமேனும் தேங்காய் கலவாமல் நிறைவேறியதில்லை.

இந்நிலையில்தான் மொரீஷியஸ் தீவிலிருந்து திருவருள் அழைத்தது. அங்குள்ள தமிழ்க் கோயில் ஒன்றுக்குப் பதிகம் பாட ஆள் தேவை. ஈராண்டுக்கு வேலை வீசா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீசாக் காரியங்களைக் கவனிக்கும் சார்லஸ் என்னும் பிள்ளைதான் செய்தி சொன்னார்.

"ஒரே ஒரு சிக்கல் சார். ரூம்பு ஒருத்தருக்குத்தான். ஃபேமிலி இருக்கறவங்க பொண்டாட்டி நெனப்பு வந்து ஆறு மாசத்துல ஊருக்குக் கெளம்பிடறாங்களாம். அதனால தனி ஆளா பாக்கறாங்க. உங்களுக்கு ஃபேமிலி?"

கண்களை மூடினேன். அகத்தே மிக்சி ஓடிற்று.

"பந்த பாசமெல்லாம் துறந்து வெகுநாள் ஆச்சு தம்பி" என்றேன்.

"அப்ப தனி ஆள்னே போட்டுடறேன்."

"போட்டுடுங்க."

அன்று முதல் உறக்கம் போயிற்று. மகள் தீபிகாவின் பிரசவத்துக்கு வெளிநாடு சென்று வந்தவர்களாதலால் எங்கள் இருவரிடமும் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் வீசாவுக்குப் படம் வேண்டும், இரத்தம் வேண்டும், நெஞ்சைப் படம் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடலூர் போக வேண்டும். அங்கே திருப்பாதிரிப்புலியூரில் தொடர் சொற்பொழிவு கேட்கப் போவதாக வீட்டில் சொல்லி வைத்தேன்.

முதல் நாள் திரும்பியதும் வாசலிலேயே விசாரணை தொடங்கிற்று.

"நெத்தி ஏன் காலியா கெடக்குது?"

படம் எடுப்பவர் திருநீற்றைத் துடைக்கச் சொன்னதை எவ்வாறு சொல்வேன்? "வேர்வை" என்றேன்.

"கையில என்னா, பஞ்சு?"

"கொசுக்கடி."

"கடலூர் கொசு, கடிச்சிட்டுப் பஞ்சும் வச்சு ஒட்டுதா?"

மறுமுறை எக்ஸ்ரே. "இன்னிக்கி என்னா தலைப்பு பேசுனாங்க?" என்று கேட்டாள். அந்த அறையில் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே உபதேசம் நினைவுக்கு வந்தது.

"மூச்சை அடக்குவது" என்றேன்.

"பேச்ச அடக்குறதுக்கும் ஒரு நாளு வப்பாங்களா? கேட்டுட்டு வாங்க."

நெஞ்சின் படத்தில் குறை எதுவும் இல்லையாம். அப்போது அது துடித்த துடிப்பு படத்தில் எவ்வாறு விழாமல் போயிற்று என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு நாள் சார்லஸ் தொலைபேசியில் அழைத்தார். கோயிலின் செயலாளர் பூவரசன் விடுமுறையில் சொந்த ஊராகிய நெல்லிக்குப்பத்துக்கு வந்திருக்கிறார். வியாழனன்று என் வீட்டுக்கே வந்து பாட்டைக் கேட்பார். அவர் சம்மதித்தால்தான் வீசா.

துறவியின் வீட்டில் மனைவி இருத்தலாகாது. அன்று மாலையே ராணியை அணுகினேன்.

"ஸ்ரீமுஷ்ணத்துல உன் தங்கச்சி பவானியப் பாத்து எவ்வளவு நாளாச்சு. வியாழக்கிழமை போய்ட்டு வாயேன். பெருமாளையும் சேவிச்ச மாதிரி இருக்கும்."

அவள் கையிலிருந்த முருங்கைக்கீரை அப்படியே நின்றது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சபாபதிய விட்டா வேற சாமி இல்லன்னு சொல்றவரு, இன்னிக்கி என்னைப் பெருமாள சேவிக்கச் சொல்றீங்க. உடம்புக்கு என்னா?"

ஆயினும் வியாழன் காலையில் புறப்பட்டாள். நான் கூடத்தைப் பெருக்கினேன். சுவரில் மாட்டியிருந்த எங்கள் திருமணப் படத்தின் மேல் நடராசர் காலண்டரைத் தொங்கவிட்டேன். நெற்றி நிறையத் திருநீறு பூசி, கண்ணாடியில் துறவறம் பழகிக்கொண்டிருந்தபோது வாசற்கதவு திறந்தது.

"சேத்தியாத்தோப்புலயே பஸ்ஸு படுத்துடுச்சு" என்றபடி ராணி உள்ளே வந்தாள். கூடத்தைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "யாரு வர்றாங்க?"

"ஒரு... அன்பர்."

"சாப்பாட்டு நேரத்துல வர்றவுங்கள வெறும் வயித்தோடவா அனுப்புவீங்க? நவுருங்க." அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவளை எந்த வழியாக வெளியேற்றலாம் என்று நான் சிந்தித்துக்கொண்டிருக்கையிலேயே பூவரசன் வந்து சேர்ந்தார். மொரீஷியஸ் சர்க்கரை ஆலையில் பொறியாளர். இனிய மனிதர், எளிய சட்டை.

"வணக்கம் ஐயா. தனியா இருக்கீங்கன்னு சார்லஸ் சொன்னாரு. உள்ள யாரோ..."

கையில் கரண்டியோடு ராணி எதிரே நின்றாள்.

"அது... சமையலுக்கு வர்ற அம்மா" என்றேன்.

கரண்டி நின்றது. காற்று நின்றது. என் உயிர், நிற்பதா போவதா என்று என்னைக் கேட்டது.

"ஆமாங்க" என்றாள் ராணி, மிக அமைதியாக. "முப்பது வருஷமா வர்றேன். சம்பளந்தான் இன்னும் பேசி முடிக்கல."

பூவரசன் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இலை போட்டாள். மிளகும் நெய்யும் மணக்கும் சம்பா சாதம். மேலே கத்திரிக்காய்க் கொத்சு. முதல் கவளத்திலேயே பூவரசன் பேச்சிழந்தார். அடுத்த கவளத்தில் கண் கலங்கினார்.

"எங்கம்மாவுக்கு அப்புறம் இந்த ருசி இன்னிக்கித்தான் பாக்கறேன். அங்கயும் கத்திரிக்கா இருக்குது, புளி இருக்குது. கொத்சு மட்டும் வரவே மாட்டேங்குது. நீங்க எப்படிம்மா பண்றீங்க?"

"கொத்தமல்லி வறுத்து அரைக்கறதுல இருக்குதுங்க. மிக்சிகிட்டயே நிக்கணும். வீட்டுல யாரு என்னா சத்தம் போட்டாலும் காதுல வாங்கக் கூடாது."

இவ்வேளையில் மின்விசிறிக் காற்றில் காலண்டர் அசைந்தது. நடராசர் தூக்கிய திருவடிக்குக் கீழே, மாலையும் கழுத்துமாக என் மாப்பிள்ளைக் கோலம் எட்டிப் பார்த்தது. ராணி நிதானமாக நடந்து போனாள். துணி காயப்போடும் கிளிப் ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்தாள். காலண்டரைப் படத்தின் சட்டத்தோடு சேர்த்துக் கவ்வவிட்டாள்.

"காத்து ஜாஸ்தி" என்றாள், என்னைப் பார்த்து.

சாப்பிட்ட பின் பாடினேன். மிக்சி ஓடவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகத் தேங்காய் கலவாத பதிகம். பூவரசன் கண்களை மூடிக் கேட்டார். மூன்றாம் பாட்டில் அவரிடமிருந்து ஒரு நாதம் எழுந்தது. ஆனந்தப் பரவசம் என்றே கொண்டேன். ஐந்தாம் பாட்டில் அது குறட்டை என்று தெளிந்தேன்.

எழுந்ததும், "அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்" என்று அடுப்படிக்குப் போனார். அந்த ஒரு வார்த்தை என் பதிகத்தைக் காட்டிலும் நீண்டது. இடையில் அவர் உரக்கச் சிரிப்பது கேட்டது. கொத்சைப் பற்றித்தான் என்று எண்ணி ஆறுதல் கொண்டேன்.

"வீசா கண்டிப்பா வந்துடும் ஐயா" என்று சொல்லி விடைபெற்றார்.

அன்று பிரளயத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வரவில்லை. சமையற்காரி என்று சொன்னதற்கு ஒரு சொல்லும் இல்லை. மறுநாளும் இல்லை. அதுதான் எனக்குப் பேரச்சமாயிருந்தது. இடியை விட, இடிக்கு முந்தைய மௌனம் கொடிது.

அடுத்த வாரம் தானாகவே ஸ்ரீமுஷ்ணம் போய் வந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கையில என்ன?"

"கொசுக்கடி."

அவ்வூரிலும் கொசு மிகுந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். என் சிந்தையெல்லாம் வீசாவில் இருந்தது.

தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் சபையை நோக்கிக் கும்பிட்டேன். ஒரு காலையில் சார்லஸே பேசினார்.

"சார், வீசா வந்துடுச்சு."

கண்ணீர் பெருகிற்று. "இப்பவே கடலூருக்குக் கெளம்பி வர்றேன் தம்பி."

"நீங்க வேணாம் சார். அம்மா வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பாஸ்போர்ட்ட குடுக்க முடியும்."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டுல சமையலுக்கு வர்ற அம்மா. கோயில் மடப்பள்ளிக்கு எடுத்திருக்காங்க. இந்த வருஷம் ஒரு ஆளுக்குத்தான் பெர்மிட்டு."

"பாட்டு?"

"பாட்ட ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம், கொத்சு ஸ்பீக்கர்ல வராதுன்னு பூவரசன் சார் சொல்லிட்டாரு."

தரையில் அமர்ந்துவிட்டேன். உண்மை தானாக வெளியே வந்தது. "தம்பி, அவ என் சம்சாரம்."

"தெரியும் சார். அவுங்க பாஸ்போர்ட்டுலயே உங்க பேரு இருக்குது. பூவரசன் சாருக்கும் அன்னிக்கி அடுப்படியிலயே சொல்லிட்டாங்க. அப்புறந்தான் அவரு முடிவே பண்ணாரு."

"ஃபேமிலி இருக்கறவுங்க ஆறு மாசத்துல திரும்பிடுவாங்கன்னு சொன்னீங்களே?"

"இவுங்க திரும்ப மாட்டாங்கன்னு அவருக்கு நம்பிக்க வந்துடுச்சு சார்."

"அப்ப நானும் கூடவே..."

"ரூம்பு ஒருத்தருக்குத்தான் சார். மொதல்லயே சொன்னேனே."

அடுப்படிக்கு ஓடினேன். ராணி கொத்சுப் பொடியைப் பாக்கெட்டுகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி துடைத்து, உறை போட்டு, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

"ராணி, நீ போய்ட்டா நான் என்ன பண்றது?"

"பாடுங்க. இனிமே குறுக்க ஒரு சத்தமும் வராது."

"யாருக்குப் பாடறது?"

அவள் பாக்கெட்டின் வாயை மடித்து ஒட்டினாள்.

"சோத்துக்குக் கவலப்படாதீங்க. நான் கெளம்புன மறுநாள்லேருந்து சமையலுக்கு ஒரு அம்மா வரும், சொல்லி வச்சிருக்கேன். யாராச்சும் வந்து யாருன்னு கேட்டா, பொண்டாட்டின்னு சொல்லி வைக்காதீங்க."