ஏரிக்கரையில் என் தலைக்கு ரோஜா

லின்ஸ்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஹெட்விக் அக்காவுக்கு,

தங்கை நோட்புர்கா எழுதிக்கொண்டது. கிராட்ஸில் உன் முழங்காலும் அத்தானும் சௌக்கியமாக இருக்க ஆண்டவர் அருள்புரியட்டும். என் சௌக்கியத்தைப் பற்றிக் கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

போன வாரம் என் வீட்டுக்காரர் காப்பியைக் குடித்துவிட்டு, "நோட்புர்கா, ரெண்டு நாள் எங்க ஊர் ஏரிக்கரைக்குப் போயிட்டு வரலாமா?" என்று சிரித்தார். கோர்பினியன் சும்மா சிரிக்க மாட்டார் அக்கா, சிரித்தால் வீட்டில் எதையோ உடைத்திருப்பார். ரயிலில் போனாலே சளி பிடிக்கும் என்பவர், பிறந்த ஊரான ஓபர்சேயில் கல்லையும் தண்ணீரையும் தவிர என்ன இருக்கிறது என்பவர், திடீரென்று ஏன் கூப்பிட வேண்டும்? இருந்தாலும் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தால் விடுதியில் ஏரியைப் பார்த்த அறை! விடுதிக்காரி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓ, இவங்கதானா!" என்றாள். நான் எவள் என்று இவளுக்கு யார் சொன்னது? மதியச் சாப்பாட்டில் அவர் ஏரி மீனை முள்ளெடுத்து என் தட்டில் வைத்தார். நான் அதை அவர் தட்டுக்கே திரும்பத் தள்ளினேன். மாதா கோயில் படியில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது, என் பழைய கிராமத்து உடையைப் பார்த்த இரண்டு சுற்றுலாக்காரர்கள், கேட்காமலேயே என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் படமெடுத்தார்கள். அவர்களைத் திட்டிவிட்டுத் திரும்பினால் மனிதரைக் காணோம்.

கோயிலுக்குப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. உனக்குத்தான் தெரியுமே, மலைக்கும் ஏரிக்கும் நடுவில் அந்த ஊரில் புதைக்க இடமே கிடையாது. சில வருஷம் குழியில் இருந்தவர் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். அவர் மண்டையோட்டைச் சுத்தம் செய்து, பேரும் பூவும் வரைந்து எலும்பறை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அந்த எலும்பறை வாசலில், மண்டையோட்டுக்குப் பூ வரையும் செசீலியா என்ற விதவையோடு இவர் நெருங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு கல்லறைச் சிலுவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அவங்களுக்கு நெத்தி அகலமா?"

"நல்ல அகலம்மா. பேர் முழுசா எழுதலாம்."

"ரோஜாவா, இலைக்கொடியா?"

"ரோஜாவே போடும்மா. முள்ளு மட்டும் வேணாம், அது அவகிட்ட ஏற்கெனவே நிறைய இருக்கு."

அதற்குமேல் பொறுக்குமா? பாய்ந்து வெளியே வந்தேன். "என் மண்டைக்கு இப்பவே அளவு கொடுக்கறீங்களே, என்னை எப்ப தீர்த்துக்கட்டப் போறீங்க? எனக்கப்புறம் இந்த அம்மாவா?"

செசீலியா தூரிகையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். இவர் முகம் செக்கச்சிவந்தது. "பைத்தியம்! வெளியூர்ல பொறந்தவங்கள இங்க வைக்க மாட்டாங்கடி. பாதிரியார்கிட்ட எத்தனையோ வருஷமா கெஞ்சி, இப்பதான் என்னோட அலமாரியில உனக்கும் இடம் தர ஒத்துக்கிட்டார். உன் வாயால சரின்னு சொல்லணுமாம். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். நீ இல்லாம அங்க தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு."

அக்கா, நான் அழுதுவிட்டேன். உயிரோடு இருக்கும்போது ஒரு பிறந்தநாள்கூட நினைவில்லாத மனிதர், செத்த பிறகு என் துணை வேண்டும் என்கிறார். இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? அன்றே பாதிரியாரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இந்தத் தங்கமான மனிதரை இனி ஒரு நாளும் சந்தேகப்பட மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். உன் வீட்டிலும் என் வீட்டிலும் ஆண்டவர் அமைதியை நிலைநிறுத்தட்டும்.

என்றும் உன்
நோட்புர்கா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், எங்கள் இடத்தைத் தன் போனில் ஆசையாகக் காட்டினார். அலமாரியில் இரண்டு காலி இடம் இருக்கிறது. நடுவில், பேரும் பூவுமாக, என் மாமியார். கேட்டால், "அம்மா நடுவுல இருந்தா நாம சண்டை போட மாட்டோம்ல?" என்கிறார். சனிக்கிழமை ரயிலில் உன் வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒற்றை ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்து வை.