வரப்பும் வருகைப் பட்டியலும்

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். வானம் முழுவதும் மேகம். மழை மட்டும் இல்லை. மின்விசிறி வீட்டுக்குள் இருந்த வெக்கையையே சுற்றிச் சுற்றிப் பரிமாறிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில்தான் என் கணவர் கொளஞ்சிநாதன் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஒரு பிரகடனம் செய்தார்.

“பானு, இனிமே இந்த வூட்டுல யாரும் எதையும் கண்ணால தேடக் கூடாது.”

நான் அப்போது என் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் புதுமனை புகுவிழா. வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் பெயர் பதித்த பீங்கான் கோப்பை தருவதென்று முடிவாகியிருந்தது. பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில், கோப்பைகளுக்குப் பளபளப்பூட்டும் கிளேஸ் கலவையை எடைபோடுவது என் வேலை. எங்கள் தொழிற்கூடத்தின் முதலாளி தங்கதுரை, எங்கள் கோப்பைகளையும் அன்றைய சூளையில் ஏற்றச் சம்மதித்திருந்தார். பெயர்ப் பட்டியல் ஐந்து மணிக்குள் அவர் கைக்குப் போக வேண்டும். அடுத்த சூளை, விழா முடிந்த பிறகுதான். சுட்ட பெயரை அழிக்கவும் முடியாது. ஒரு எழுத்துத் தவறினால் அது உறவினர் வீட்டு அலமாரியில் ஆயுள் முழுக்க நின்று நம்மைத் திட்டும்.

யார் யார் வருகிறார்கள் என்பது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. இரண்டு வாரப் பேச்சு. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். அதை என் கணவர் ஒரே கோப்பாக இறக்கி வைத்திருந்தார். குழுவில் நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் கோப்பை விஷயம் கடைசிவரை ரகசியமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

“எப்படிங்க பிரிக்கப் போறீங்க?”

“ரெகுலர் எக்ஸ்பிரஷன்.”

“அது உங்க மொகத்துல தெனமும் பாக்குறதுதானே?”

“வெளையாடாத பானு. தேடுற வார்த்தையோட அடையாளத்தச் சொன்னா போதும். கம்ப்யூட்டரே பூரா ஃபைலையும் சலிச்சு எடுத்துரும். பதினோரு மணி நேரம் வீடியோ பாத்திருக்கேன்.”

“ஒவ்வொரு வரியிலயும் மொதல்ல பேரு, அப்புறம் ரெண்டு புள்ளி, அப்புறம் பேச்சு. அந்த ரெண்டு புள்ளியில வெட்டி, பேரு வரிசையில அடுக்கிக் குடுங்க. நான் படிச்சுச் சொல்லிடுறேன். ஒரு மணி நேரம் போதும்.”

“வெட்டி அடுக்குறதா? அது வெட்டி வேல.”

அவர் தட்டிய அடையாளம் இரண்டே எழுத்து: ‘வர’. வரேன், வரோம், வருவோம், வர்றோம் என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மூன்று இருபத்தைந்துக்குப் பட்டியல் வந்தது. நூற்றுப் பதினாறு பெயர்கள். எங்கள் குழுவில் இருப்பதே அறுபத்திரண்டு குடும்பங்கள்.

“பாத்தியா! சனம் எவ்வளவு பாசமா இருக்குது!”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தேன்.

“மொத ஆளு நல்லூர் சித்தப்பா. ‘வரப்புல தண்ணி நிக்குது, நடவு முடியாம நகர முடியாது’ன்னு எழுதியிருக்காரு.”

“வரப்பா?”

“வரப்புலயும் ‘வர’ இருக்குதுங்களே. அடுத்தது அமுதவள்ளி அண்ணி. ‘பொண்ணுக்கு வரன் பாக்குறோம், வெவரம் தெரிஞ்சா சொல்லுங்க.’ வரனுக்கு ஒண்ணு, வெவரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு தடவ வராங்க.”

“கழிச்சிடுறேன்.”

“திட்டக்குடி மதிவதனி. ‘லீவு கெடைக்கல, நாங்க வரல.’”

“வரலயா?”

“‘வர’ வந்திருக்குது. ஆளுதான் வரல.”

அவர் அடையாளத்தை நீட்டத் தொடங்கினார். வரப்பு வேண்டாம், வரன் வேண்டாம், வரல வேண்டாம். ஒவ்வொரு விலக்குக்கும் ஓர் அடைப்புக்குறி, ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரம். மூன்று ஐம்பதுக்கு அது மூன்றாவது வரியை எட்டிவிட்டது. யாரோ கடுகு டப்பாவைத் திரையில் கவிழ்த்ததுபோல் இருந்தது.

“இப்ப பாரு. திலீபன். ‘சரி, நான் வரேன்.’ இதுல என்ன கொற சொல்லுவ?”

“மேல இருக்குற வரியையும் கீழ இருக்குற வரியையும் படிங்க.”

படித்தார். திலீபன் கிரிக்கெட் விஷயமாகக் குழுவில் சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு, ‘சரி, நான் வரேன்’ என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்தே வெளியேறியிருந்தார். நம்மவர்கள் போகும்போதுதான் வரேன் என்பார்கள் என்பதை அந்தப் பதினோரு மணி நேரத்தில் யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

உண்மையில் வருபவர்களில் பாதிப் பேர் வரேன் என்று எழுதவேயில்லை. ‘இல்லாமயா?’ என்றிருந்தார் ஒருவர். ‘டிபன் எத்தன மணிக்கு?’ என்றிருந்தார் இன்னொருவர். இதைவிட உறுதியான சம்மதம் உண்டா?

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவருடைய முறை மோசமானதன்று. பத்து இலக்கத் தொலைபேசி எண்களைத் தேடச் சொன்னபோது, கோப்பில் இருந்த பதினேழையும் ஒரே நொடியில் பொறுக்கித் தந்தது. தொலைபேசி எண்ணுக்கு ஒரே வடிவம். உறவுக்காரர்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

நான்கு மணி எட்டு நிமிடத்துக்கு ஒரு பெயர் என் கண்ணில் பட்டது.

“யாருங்க இது, ‘எடுக்காத’?”

“எது?”

“பேரு இருக்குற எடத்துல ‘எடுக்காத’ன்னு இருக்குது. உங்க போன்ல நீங்க பதிஞ்ச பேருதானே ஃபைல்ல வருது?”

“அது ஏதாச்சும் வெளம்பரக்காரனா இருக்கும்.”

“வெளம்பரக்காரன் ‘அக்கா, நாங்க மூணு பேரும் மொத பஸ்ஸுலயே வரோம்’னு எழுதுவானாங்க?”

அந்தக் குழுவில் என்னை அக்கா என்று அழைப்பவன் என் தம்பி சேரன் ஒருவன்தான். அன்று பிற்பகல் என் கணவரின் அடையாளம் குறை சொல்ல இடமில்லாமல் பிடித்த முதல் ஆளும் அவன்தான்.

“கப்புல ‘எடுக்காத’ன்னு சுட்டு அவன் கையில குடுத்துடலாங்களா? எடுக்கலாமா வேணாமான்னு அவனே யோசிச்சுக்கட்டும்.”

அவர் முகத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் மட்டும் இருந்தது.

என் முறையும் போதாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு புள்ளியில் வெட்டினாலும் ‘எடுக்காத’தான் கிடைக்கும். எழுத வேண்டிய பெயரைப் பெயருக்குரியவர்கள்தான் தர முடியும்.

“நீங்க பாத்துக்கிட்டு இருங்க, டீ போட்டு எடுத்தாறேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய், ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் கண்ணம்மாள் அத்தையை அழைத்தேன்.

“அத்த, ஒரு ரகசியம். வெள்ளிக்கெழம வர்ற குடும்பத்துக்கெல்லாம் பேரு போட்ட கப்பு தரோம். அஞ்சு மணிக்குள்ள என் நம்பருக்குப் பேர அனுப்புனாத்தான் சூளையில ஏறும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்? சரி வையி, வையி. எனக்கு வேல இருக்குது.”

முதல் பெயர் நான்கு பதினாறுக்கு வந்தது. டீ கொதிப்பதற்குள் பதினான்கு வந்துவிட்டன. நான்கு நாற்பதுக்கு நாற்பத்தொன்று. வரிக்கு ஒரு பெயர், முதலெழுத்தோடு, பிழையில்லாமல். கோப்பையில் ஏறப்போகும் தன் பெயரை எழுதும்போது யாரும் வரப்பைப் பற்றி எழுதுவதில்லை. பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லாததால் அப்படியே தங்கதுரைக்கு அனுப்பினேன்.

நான்கு ஐம்பத்தைந்துக்கு என் கணவர் வியர்த்து வழிய அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“முடிச்சிட்டேன் பானு. அம்பத்து மூணு பேரு. அங்கங்க ரெண்டு மூணு பெசகு இருந்தா கையால திருத்தி அனுப்பிடு.”

“திருத்தி அனுப்பியாச்சுங்க” என்றேன். அது முழுப் பொய்யன்று.

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தங்கதுரை சூளையைத் திறந்து, நாற்பத்தொரு கோப்பைகளையும் படம் எடுத்து அனுப்பினார். நான் அவற்றைப் பொதிவதற்குப் பழைய செய்தித்தாள்களைச் சேர்க்கத் தொடங்கினேன். சேரன் தன் அக்காள் கணவருக்கு நான்கு முறை போன் செய்தான். நான்கு முறையும் அவர் எடுத்தார். திலீபன் யாரும் அழைக்காமலே, தன்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக் குழுவில் மீண்டும் சேர்ந்தார். என் கணவர், பக்கத்து வீட்டுப் பழமலையைப் பால் வாங்கப் போகவிடாமல் நிறுத்தி, நாற்பத்தொரு பெயர்களைத் தன் அடையாளம் எப்படிச் சலித்தெடுத்தது என்று விளக்கினார். பிறகு உள்ளே வந்து குழுவில் எழுதினார்: “வெள்ளிக்கிழமை உங்கள் அனைவருக்கும் ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. என்னவென்று யாராலும் ஊகிக்க முடியாது!”

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குக் கண்ணம்மாள் அத்தையின் பதில் வந்தது: “கப்புதானே மாப்ள? எம் பேருக்கு மூணு சுழி ண போட்டுருக்காங்களான்னு ஒரு தடவ பாத்துடுங்க.”